ஸ்பெயினில் குடியேறிய ஆங்கிலேய முதியோரின் தேநீரும் ஓய்வூதியமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக் காலத்தைக் கழிக்க வெளிநாடு போகும் ஆங்கிலேயர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கடற்கரையும் வெயிலும் நீச்சல்குளமுமாகப் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அவர்களுடைய ஊர் நினைப்பைப் பற்றி இருந்தது ஒரே ஒரு பத்தி. அதுவும் அதை வயதானவர்களின் பிடிவாதம் என்று சொல்லித் தள்ளிவிட்டது. ஸ்பெயினின் அலிகாண்டே, மாலகா மாகாணங்களில் இந்த முதியோரின் வீடுகளில் பராமரிப்பு வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் அந்தப் பத்தியை எங்களால் ஏற்க முடியவில்லை. அவர்கள் ஏங்குகிற பொருள்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. அவை கைநழுவிப் போவதற்குக் காரணம் உண்டு, பலவற்றுக்கு மருந்தும் உண்டு. விஷயம் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

முதலில் தேநீர். "இங்கே வந்த நாளிலிருந்து டீ டீயாகவே இல்லை" என்று எண்பது வயது அம்மையார் சொன்னால் நாக்கு மரத்துப்போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. குறை தண்ணீரில் இருக்கிறது. மத்தியதரைக் கடலோரக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், நம் பக்கம் உப்புத் தண்ணீர் என்போமே அந்த வகை. அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்து, மேலே காற்றுப் படும் இடத்தில் மெல்லிய பழுப்பு ஆடையாகப் படிகின்றன. கரண்டியால் தொட்டால் விரிசல் விட்டு, கோப்பையின் ஓரத்தில் கறையாக ஒட்டும். நிறம் மங்கும், மணம் எழாது. எலுமிச்சை பிழிந்தால் ஆடை மறையும், ஆனால் பால் ஊற்றிக் குடிக்கிறவர்களுக்கு அது உதவாது, பால் திரிந்துவிடும். இங்கிலாந்திலும் சுண்ணாம்புத் தண்ணீர் ஊர்கள் உண்டு என்பதால் அதற்கென்றே கலந்த தேயிலையை யார்க்‌ஷயர் டீ தனியாக விற்கிறது. அதை வாங்கலாம். அதைவிட நல்லது தண்ணீரை மாற்றுவது. ஸ்பெயினில் பாட்டில் தண்ணீர் லேபிளில் 'ரெசிடுவோ செகோ' என்று ஓர் எண் இருக்கும், ஒரு லிட்டரை வற்றவைத்தால் மிஞ்சும் உப்பின் அளவு அது. 100 மில்லிகிராமுக்குக் கீழே உள்ளதைத் தேநீருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் வித்தியாசம் முதல் கோப்பையிலேயே தெரியும். வடிகட்டி ஜாடி வைத்திருப்பவர்கள் அதன் உள்குப்பியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து மூன்று மாதம் ஓட்டினால் அது சுண்ணாம்பைப் பிடிக்காது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்ட வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடாக்கி அரைமணி விட்டால் தானே கரையும்.

அடுத்தது பால். ஸ்பானியக் கடைகளின் அடுக்குகளில் நிறைந்திருப்பது மிக உயர்ந்த சூட்டில் பதப்படுத்திய அட்டைப்பெட்டிப் பால். அதில் காய்ச்சிய வாடை இருக்கும். நமக்கு அது பழகிய வாடை. குளிர்ந்த பச்சைப் பாலைத் தேநீரில் ஊற்றிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வாடையே கோப்பையைத் தள்ளிவைக்கப் போதும். குளிர்பெட்டிப் பக்கம் தேடினால் 'லெச்சே ஃப்ரெஸ்கா' கிடைக்கும். மூன்றாவது, சூடு. உணவகத்தில் காபி இயந்திரத்திலிருந்து பிடித்த வெந்நீரையும் ஒரு தேயிலைப் பையையும் தனித்தனியாக வைக்கிறார்கள். மேசைக்கு வருவதற்குள் நீர் ஆறிவிடும், சாறு இறங்காது. தேயிலை ருசிபார்ப்பவர்களுக்கென 1980இல் வந்த சர்வதேசத் தரம் 3103, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. வீட்டில் அவ்வளவு கடுமையான சாறு வேண்டாம். கொதிக்கும் நீர் தேயிலை மேல் நேரே விழ வேண்டும், மூன்று நான்கு நிமிடம் மூடியிருக்க வேண்டும், பையை எடுத்த பிறகே பால். நம் வழக்கப்படி தேயிலையையும் பாலையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்து அன்போடு நீட்டும் புதிய பணியாளர்கள் உண்டு. பெரியவர் மறுக்க மாட்டார், நன்றி சொல்லி ஜன்னலோரம் வைத்துவிடுவார்.

கெட்டில் என்றதும் மின்சாரம் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் 13 ஆம்பியர், 230 வோல்ட், ஆக 3 கிலோவாட் கெட்டில் சாதாரணம். ஸ்பெயினிலும் வோல்ட் அதேதான். ஆனால் இங்கே வீட்டுக்கு இவ்வளவு கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் இணைப்பு வாங்க வேண்டும். பழைய சிறு வீடுகளில் பெரும்பாலும் 3.45 அல்லது 4.6. துணி துவைக்கும் இயந்திரமும் ஹீட்டரும் ஓடும்போது கெட்டிலையும் போட்டால் மீட்டரே வீடு முழுவதற்கும் கரண்டை நிறுத்திவிடும். இருட்டில் மாடிப்படி இறங்கி மெயினைத் தேடும்போதுதான் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். கெட்டிலைக் குறை சொல்வதற்கு முன் மின்கட்டண ரசீதில் ஒப்பந்த அளவைப் பாருங்கள். 5.75க்கு உயர்த்தக் கொஞ்சம் செலவாகும், தயங்க வேண்டாம். இன்னொன்று, பிரிட்டிஷ் பிளக்கின் உள்ளேயே ஃபியூஸ் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மேசைவிளக்கின் பிளக்கை வெட்டிவிட்டு ஸ்பானிய பிளக் மாட்டினால் அந்த 3 ஆம்பியர் காவல் போய்விடுகிறது, மெல்லிய ஒயருக்குச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிரேக்கர் மட்டுமே துணை. வெட்டாமல், எர்த் முனை உள்ள அடாப்டர் போடுவது பாதுகாப்பு. அந்த விளக்குக்குப் பல்பும் எளிதில் கிடைக்காது. ஸ்பெயினில் திருகும் பல்புதான் வழக்கம். நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும், அழுத்தித் திருப்புகிற இரண்டு ஊசி பல்பு இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த அதே வகை.

குளிரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஸ்பானியக் கடற்கரை வீடு கோடைக்காகக் கட்டியது: ஓடு பதித்த தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், பல வீடுகளில் மைய வெப்பமூட்டல் கிடையாது. ஜனவரி இரவில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம் என்று தோன்றும். ஆகவே 12.5 கிலோ ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரை உள்ளே வைத்து, சக்கரம் வைத்த ஹீட்டரைப் பற்றவைக்கிறார்கள். முழு வேகத்தில் ஒரு சிலிண்டர் சுமார் 40 மணி நேரம் வரும். கவனிக்க வேண்டியது இது: ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும். ஒரு சிலிண்டர் தீருவதற்குள் 19 லிட்டர் தண்ணீர் அந்த வீட்டின் காற்றில் கலந்து, குளிர்ந்த சுவரில் வேர்த்து, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையாக நிற்கிறது. இருமல் வந்தபின் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்தால் ஈரமும் போகும், கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்தும் குறையும். ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டையும் பார்க்க வேண்டும்.

இந்தக் குளிருக்கு இங்கிலாந்து அரசு தந்துவந்த எரிபொருள் உதவித்தொகை ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், சைப்ரஸ், மால்டா ஆகிய நாடுகளில் வாழ்பவர்களுக்கு 2015-16 குளிர்காலத்திலிருந்து நின்றுபோனது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைவிட அந்நாடுகளின் சராசரிக் குளிர்கால வெப்பம் அதிகம் என்பது காரணம். பிரான்ஸின் சராசரியில் கரீபியக் கடலிலுள்ள அதன் தீவுகளின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. சராசரி வெப்பத்தைக் கொண்டு யாருடைய படுக்கையறையையும் சூடாக்க முடியாது.

சாப்பாட்டில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு. ஊரில் தானாக உப்பும் மாவு கிடைக்கும், இங்கே 150 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்துகொள்ள வேண்டியதுதான். ஸ்பானிய பேக்கன் பன்றியின் வயிற்றுப் பகுதி, அவர்கள் தேடுவது முதுகுப் பகுதி. 48 சதவீதக் கொழுப்புள்ள ஆங்கில க்ரீமுக்குப் பதிலாக 35 சதவீதம்தான் கிடைக்கிறது. அடித்தால் கெட்டியாகும், ஆனால் அந்தக் கனம் வராது. 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலிருந்து இறைச்சியோ பால் பொருளோ பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை. பேரப்பிள்ளைகள் ஆசையாகச் செடார் சீஸும் சாசேஜும் வாங்கிவந்தால் விமான நிலையத்தில் பறிபோகும். தேயிலை, ரொட்டியில் தடவும் ஈஸ்ட் சாறான மார்மைட், கஸ்டர்ட் பவுடர் தாராளமாக வரலாம். அந்தக் கஸ்டர்ட் பவுடர் 1837இல் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர் முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோளமாவில் செய்தது.

ஒரு பொருளுக்கு மட்டும் ஸ்பெயினே தாய்வீடு. செவில்லா ஆரஞ்சு! தெருவெங்கும் மரம், கிளை ஒடியக் காய், உள்ளூர்க்காரர்கள் சீந்துவதில்லை. அவ்வளவு கசப்பு. ஆங்கிலேயர் காலை ரொட்டியில் தடவும் மார்மலேடுக்கு அந்தக் கசப்புதான் உயிர். தோலின் கசப்புக்காகவே நாம் நார்த்தங்காயை அரிந்து உப்பில் ஊறப்போடுகிறோமே, அதுபோல. பருவம் ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும். சாலையோர மரத்தில் பறிக்க வேண்டாம், புகையும் பூச்சிமருந்தும் தோலில்தான் படிந்திருக்கும், இங்கே சாப்பிடுவதோ தோலை. சந்தையில் மெழுகு பூசாத பழம் ஒரு கிலோ, சர்க்கரை 2 கிலோ, தண்ணீர் இரண்டரை லிட்டர், எலுமிச்சை ஒன்று. பழங்களை இரண்டாக வெட்டிப் பிழிந்து, விதையையும் உள்சவ்வையும் மல் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். ஜாமைக் கட்டிப்படுத்தும் பெக்டின் அதில்தான் இருக்கிறது. தோலைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து, சாறும் முடிச்சும் தண்ணீருமாக இரவு முழுவதும் ஊறட்டும். மூட்டுவலிக் கையால் ஒரு கிலோ தோல் அரிய முடியாது, அதை நாம் செய்து கொடுக்கலாம். மறுநாள் சிறுதீயில் இரண்டு மணி நேரம். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினால் சாதம்போல மசிய வேண்டும். மசியும் முன் சர்க்கரை போட்டால் தோல் இறுகி ரப்பராகும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் வேகாது. பலர் தவறுவது இங்கேதான். முடிச்சை எடுத்து, கொழகொழவென்று வரும் சாற்றை நன்றாகப் பிழிந்து சேர்த்து, சர்க்கரை போட்டுக் கரையும்வரை கொதிக்க விடாமல் கிளறுங்கள். கரையாத சர்க்கரை பின்னால் பாட்டிலில் மணல்மணலாகக் கட்டும். அதன்பின் தீயைக் கூட்டிப் பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடம், வெப்பமானியில் 104.5 டிகிரி. வெப்பமானி இல்லையா, உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள், தோல்போலச் சுருங்கினால் பதம். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் சோதிக்கும் நேரத்திலேயே பதம் தாண்டி மிட்டாயாகிவிடும். இறக்கியதும் பாட்டிலில் ஊற்றினால் தோலெல்லாம் மேலே மிதக்கும். பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஒருமுறை கிளறி, சூடான கண்ணாடிப் பாட்டிலில் நிரப்புங்கள். ஆறேழு பாட்டில் வரும். அந்த இரண்டு நாள் வீட்டில் நிறையும் மணத்துக்கு அந்த முதியவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

வானொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிசியில் நள்ளிரவு தாண்டி வரும் கடல் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் பலர் கப்பலில் கால் வைத்ததே இல்லை. வைக்கிங்கில் தொடங்கி, டாகர், ஹம்பர், தேம்ஸ், டோவர், வைட் என்று கடிகாரச் சுற்றில் 31 கடற்பகுதிகள், ஒரே வரிசை, ஒரே நிதானம். வரிசை மாறாததுதான் அதன் இதம். அதில் ஸ்பெயின் கரையோரப் பகுதியான ஃபினிஸ்டெர்ரே 2002இல் ஃபிட்ஸ்ராய் ஆனது, வானிலைத் துறையை நிறுவியவரின் பெயர் அது. ஸ்பெயின் தன்னுடைய வேறொரு கடற்பகுதிக்கு ஃபினிஸ்டெர்ரே என்றே பெயர் வைத்திருந்ததால் வந்த மாற்றம். இன்றும் பழைய பெயரையே சொல்லும் முதியவர்கள் உண்டு, திருத்த வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கு வந்த இடி வேறு. 2014 பிப்ரவரியில் பிபிசி அலைவரிசைகள் பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் குறுகிய கற்றை கொண்ட செயற்கைக்கோளுக்கு மாறின. அதுவரை வீட்டு டிஷ்ஷில் தெளிவாக வந்த படம் ஸ்பெயினின் தென்கோடியில் பலருக்கு மறைந்தது. டிஷ் பழுது என்று இன்றும் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிவைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மாலகா பக்கம் மிகப் பெரிய டிஷ் இல்லாமல் எந்தத் திருப்பலும் பயன் தராது.

இறுதிச் சடங்கைப் பற்றிப் பேசப் பலர் கூசுகிறார்கள். ஆனால் பேசியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் ஆவது வழக்கம். ஸ்பெயினில் பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். மான்செஸ்டரிலிருந்து மகள் வந்து சேரும்போது, உடலை வைத்து மூடும் இடுகாட்டுச் சுவர்க்குழியில் சிமெண்ட் காய்ந்திருக்கும். தள்ளிவைக்கும்படி முதல் ஒருமணி நேரத்திலேயே அடக்க நிறுவனத்திடம் கேட்டால் குளிர் அறையில் வைப்பார்கள். கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே! அந்தச் சுவர்க்குழி பெரும்பாலும் சில ஆண்டுக் குத்தகை என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

மாலகாவில் பிரிட்டிஷ் துணைத்தூதர் வில்லியம் மார்க்கின் முயற்சியால் 1831இல் ஓர் இடுகாடு அமைந்தது. அதற்குமுன் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் உடலை இரவில் கடற்கரை மணலில் நின்றவாக்கில் புதைத்தார்கள், அலை வந்து அரித்துக்கொண்டு போகும். அந்த இடுகாட்டில் உறங்குபவர்களில் ஜெரால்ட் பிரெனன் என்ற ஆங்கில எழுத்தாளரும் உண்டு. ஆயுளில் பல பத்தாண்டுகளை ஸ்பெயினில் கழித்தவரை, தொண்ணூறு வயதில், 1984இல், லண்டன் புறநகர் முதியோர் இல்லம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்பானியர்களே முயன்று அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். கடைசிக் காலத்தில் மாலகா மாகாணத்து ஊரிலேயே இருந்து மறைந்தார். முதியவர் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொன்னால் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, தங்கள் வாசகர்களையும் தொடும் ஒரு விஷயம். ஸ்பெயினில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு, ஊரில் இருப்பவருக்குப் போலவே, ஏப்ரல்தோறும் அரசு ஓய்வூதியம் உயர்கிறது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸிலும் அப்படியே. ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கையில் உயர்வு கிடையாது. முதல் நாள் வாங்கிய தொகை, அல்லது குடிபெயர்ந்த நாளில் இருந்த தொகை, சாகும்வரை அப்படியே நிற்கும். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரம் 67.50 பவுண்டு. அந்த ஆண்டு இந்தியாவில் வாங்கத் தொடங்கியவருக்கு இன்றும் அதே 67.50. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ இருந்திருந்தால் 2025 ஏப்ரலில் 176.45. சுமார் நான்கரை இலட்சம் பேர் இப்படி உறைந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2010இல் வழக்குத் தோற்றது. இது பிறப்பால் ஆங்கிலேயராக இருப்பவர்களுக்கு மட்டுமான விதி என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்பீட்டுத் தொகை கட்டி வேலை பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ திரும்பும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் இதே விதிதான். ஊர் திரும்புவது என்று முடிவெடுக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டிய முதல் வரி இது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க பிரிட்டன் போய்த் தங்கும் வாரங்களுக்கு, முன்கூட்டித் தெரிவித்தால், உயர்ந்த தொகை தருவார்கள், திரும்பியதும் பழையபடி குறையும். பிரிட்டிஷ் ஓய்வூதியத் துறையினர் தபாலில் அனுப்பும் உயிர்வாழ் சான்றுப் படிவத்தைக் குறித்த காலத்துக்குள் தகுதியுள்ள சாட்சியின் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் அந்த உறைந்த தொகையும் நின்றுவிடும். முகவரி மாறினால் முதலில் அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் உயர்வு பற்றிய செய்தி வரும்போது தங்கள் நாளிதழ் அதை இரண்டு வரியில் வெளியிடுவதுண்டு. அடுத்த முறை அந்தச் செய்தியிலேயே, எந்தெந்த நாட்டில் வாழ்பவருக்கு இந்த உயர்வு உண்டு, யாருக்கு இல்லை என்ற பட்டியலையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்கள்,
அலிகாண்டே, ஸ்பெயின்.